கிருமிநோயும் உடல் மெலிவும்: கொழுப்பனுசேப அறிவின் வரலாறு

முன்னோர் நோய்களுக்கு இட்ட பெயர்களிற் பல நோயின் காரணத்தைக் கூறுவன அல்ல. நோய் கண்ணுக்குத் தோன்றிய வகையையே கூறுவன. சுவாசப்பையைப் பற்றும் கொடிய தொற்றுநோயொன்றைத் தமிழர் எலும்புருக்கி என்றனர். வடமொழியாளர் அதனைக் குறைதல் என்னும் பொருள்படக் க்ஷயம் என்றனர். அதுவே தமிழிற் சயரோகம் என வழங்கலாயிற்று. பண்டைக் கிரேக்க மருத்துவர் அந்நோய்க்கு வழங்கிய பெயரும் தேய்ந்தழிதலையே குறிக்கும். ஆங்கிலேயர் நெடுங்காலம் வழங்கிய பெயரோ உண்டு தீர்த்தல் என்னும் பொருளது. வெவ்வேறு நாட்டாரும் மொழியினரும் ஒரே காட்சியைக் கண்டு ஒரே கருத்தைப் பெயராக்கினர். நோயாளன் உருகுகிறான் என்பதே அக்காட்சி.

1882ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24ஆம் நாள் பேர்லின் நகரில் றொபேட் கொக் என்பவர் சயரோகத்தை உண்டாக்கும் கோலுருவான பற்றீரியாவைக் கண்டறிந்தமையை அறிவித்தார். நோய் யாரால் வருகிறது என்னும் வினா அன்று தீர்ந்தது. ஆனால் அந்நோய் கண்ட உடல் ஏன் உருகுகிறது என்னும் வினா தீரவில்லை. ஓர் உடலில் உள்ள கிருமிகள் யாவற்றையும் ஒன்று சேர்ப்பினும் அவற்றின் நிறை மிகச் சிறிதே. நோயாளன் இழக்கும் பல கிலோகிராம் தசையையும் கொழுப்பையும் அவை உண்டு தீர்த்திருத்தல் இயலாது. பசியின்மையே காரணமெனின், உணவு ஊட்டியவிடத்தும் நோயாளன் தேய்வது எவ்வாறு? சயரோகம் ஒன்றுக்கு மட்டுமன்றி நெருப்புக் காய்ச்சல், குருதி நஞ்சாதல் முதலிய கடுந்தொற்றுக்கள் அனைத்துக்கும் இவ்வினா பொருந்தும். இதற்கு விடை காண ஏறக்குறைய நூறு ஆண்டுகள் சென்றன. அவ்விடை கொழுப்பின் வழியே வந்தமை அறிவியல் வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்கதொரு செய்தியாகும்.

காய்ச்சலும் பட்டினியும்

உயிர்ப்பு என்பது ஒருவகை எரிதலே என்னும் கருத்தைப் பிரான்சிய அறிஞர் லவோசியே பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நிலைநாட்டினார். 1782-83ஆம் ஆண்டு மாரிகாலத்தில் அவரும் லப்பிளாசும் சீமைப்பெருச்சாளி ஒன்றைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தினுள் இட்டு, அதன் உடல்வெப்பம் உருக்கிய பனியின் அளவையும் அது வெளிவிட்ட காபனீரொட்சைட்டின் அளவையும் ஒப்பிட்டனர். உடல் ஓர் அடுப்பு எனின் காய்ச்சல் அவ்வடுப்பு மிகுந்தெரிதல் ஆகும் என்ற எண்ணம் இதிலிருந்து எளிதிற் பிறந்தது. அவ்வாறாயின், காய்ச்சலுற்றோனுக்கு உணவு கொடுத்தல் எரியும் நெருப்புக்கு விறகிடுதல் அன்றோ என்று மருத்துவர் பலர் கருதினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பாரிசு நகரிற் பெரும்புகழ் பெற்றிருந்த புரூசே என்னும் மருத்துவர், நோயாளரை அட்டைவிட்டுக் குருதி நீக்கியும் பட்டினியிட்டும் பண்டுவம் செய்தார். இதனை மறுத்தோருள் தலைசிறந்தவர் அயர்லாந்தின் டப்ளின் நகரத்து மருத்துவர் றொபேட் கிரேவ்ஸ் (1796-1853). பட்டினி கிடக்கும் நலமுள்ளவனின் உடலே சில நாள்களிற் கெடுமாயின், நோயுற்றவனின் உடல் அதனை எவ்வாறு தாங்கும் என்பது அவரது வாதம். காய்ச்சற்காரருக்கு உணவளித்தவர் என்பதே தம் கல்லறையிற் பொறிக்கப்படல் வேண்டுமென அவர் கூறியதாக மருத்துவ உலகில் வழங்கும் செய்தி பெரிதும் அறியப்பட்டது. எனினும் இருசாராரும் அளந்து பேசவில்லை. கண்டும் கருதியுமே பேசினர்.

அளவை பின்னர் வந்தது. செருமனிய அறிஞர் மக்ஸ் றுப்னர் 1880களில் உணவுப் பொருள்களின் எரிவெப்பத்தை வரையறுத்தார். ஒரு கிராம் கொழுப்பு ஏறக்குறைய 9 கலோரி வெப்பத்தையும், ஒரு கிராம் புரதமோ மாப்பொருளோ ஏறக்குறைய 4 கலோரி வெப்பத்தையும் தரும் என்பது அதன் சாரம். உடல் தன் சேமிப்பைக் கொழுப்பாக வைத்திருப்பதன் காரணம் இதனால் விளங்கிற்று. மிகக் குறைந்த நிறையில் மிகக் கூடிய சத்தியை அடக்கிவைக்கும் பண்டசாலை அதுவே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயோர்க் நகரில் நெருப்புக் காய்ச்சல் நோயாளர்மீது இவ்வளவை செலுத்தப்பட்டது. பிலிப் ஷாபர், வாரன் கோல்மன் என்போர் 1909ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நிறைந்த உணவு கொடுப்பின் நோயாளரின் புரத இழப்பைப் பெரிதும் குறைக்கலாம் எனக் காட்டினர். பட்டினி மருத்துவத்துக்கு அது பலத்த அடியாயிற்று. பின்னர்க் கோல்மனும் யூஜின் டுபொய்சும் பெல்வியூ மருத்துவமனையில் அமைந்த பெரிய வெப்பமானி அறையினுள் நோயாளரைக் கிடத்தி, அவர்தம் உடல் வெளிவிடும் வெப்பத்தை அளந்தனர். உடல்வெப்பம் ஒரு சதமபாகை உயருந்தோறும் உடலின் எரிதல் ஏறக்குறைய நூற்றுக்குப் பதின்மூன்று வீதம் உயர்கின்றது என்று டுபொய்ஸ் 1921இல் வகுத்த கணக்கு இன்றும் மருத்துவ நூல்களிற் காணப்படும்.

ஆயினும் அக்கணக்கினுள் அடங்காத செய்தியொன்று அவர்களை எதிர்ப்பட்டது. நோய் முற்றிய நாள்களில், உடல் எரிப்பதற்கு மேற்பட்ட உணவை நோயாளன் உட்கொண்டபோதும் சிலரது புரதம் தொடர்ந்து கரைந்தது. அடுப்பு உவமை இங்கே பொய்த்தது. விறகு போதாமையால் வீட்டின் கூரையைப் பிரித்து எரித்தான் என்றால் அது விளங்கும். முற்றத்தில் விறகு குவிந்திருக்கக் கூரையைப் பிரிப்பானேன்?

பட்டினியின் ஒழுங்கு

இவ்வினாவின் கூர்மையை உணர்தற்குப் பட்டினியில் உடல் நடந்துகொள்ளும் முறையை முதற்கண் அறிதல் வேண்டும். கொழுப்பமிலங்கள் உடலில் எவ்வாறு எரிகின்றன என்பதை 1904ஆம் ஆண்டு பிரான்ஸ் நூப் என்னும் செருமனியர் விளக்கினார். அடையாளமாக வேறொரு கூட்டம் பொருத்திய கொழுப்பமிலங்களை நாய்களுக்கு ஊட்டி, சிறுநீரில் வெளிவந்தவற்றை ஆராய்ந்த அவர், கொழுப்பமிலச் சங்கிலி இரண்டிரண்டு காபன் அணுக்களாகத் துண்டிக்கப்படுகின்றது என்று கண்டார். இத்துண்டுகளிலிருந்தே ஈரல் கீற்றோன் பொருள்களை ஆக்குகின்றது.

கீற்றோன் பொருள்களின் பயனை நெடுங்காலம் எவரும் உணரவில்லை. அவை நீரிழிவு நோயாளரின் உயிரைக் குடிக்கும் கழிவென்றே கருதப்பட்டன. 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்தில் ஜோர்ஜ் கேகிலும் அவர்தம் கூட்டாளரும், ஐந்தாறு வாரம் உண்ணாதிருந்த பருத்த உடலினரை ஆராய்ந்து வியப்புக்குரிய ஒன்றை வெளியிட்டனர். குளுக்கோசையே நம்பி வாழ்வதாகக் கருதப்பட்ட மூளை, நீண்ட பட்டினியில் தன் எரிபொருளிற் பெரும்பகுதியைக் கீற்றோனிலிருந்து பெறுகின்றது என்பதே அது.

இதன் பொருள் பெரிது. எழுபது கிலோகிராம் நிறையுள்ள ஒருவனின் உடலில் ஏறக்குறைய 15 கிலோகிராம் கொழுப்பு உண்டு; அது ஏறக்குறைய 140,000 கலோரிக்கு நிகராகும். கிளைக்கோசனாகச் சேமித்த மாப்பொருளோ ஒரு நாளைக்கும் போதாது. கொழுப்பமிலங்களை உடல் குளுக்கோசாக மாற்றவல்லதன்று. ஆதலின் மூளைக்குக் குளுக்கோசே வேண்டுமெனில் தசையின் புரதத்தைக் கரைத்தே அதனை ஆக்கல் வேண்டும். கீற்றோன் அக்கட்டாயத்தைத் தளர்த்துகின்றது. பட்டினி கிடப்பவன் தன் கொழுப்பைச் செலவிட்டுத் தசையைக் காக்கின்றான். உண்ணாநோன்பு பல வாரங்கள் நீடித்தும் உயிர் நிற்பது இவ்வொழுங்கினாலேயாம்.

கடுந்தொற்றிலும் பெருங்காயத்திலும் இவ்வொழுங்கு குலைகின்றது. கிளாஸ்கோ நகரத்தில் டேவிட் கத்பேட்சன் 1930ஆம் ஆண்டு தொட்டு, கால் என்பு முறிந்தோரின் சிறுநீரில் வெளியேறும் நைதரசனை அளந்து வந்தார். வெளியேறிய அளவு முறிந்த காலிலிருந்து மட்டும் வந்திருத்தல் இயலாது எனவும், உடல் முழுவதன் தசையும் கரைகின்றது எனவும் அவர் கண்டார். 1970களில், பற்றீரியாத் தொற்றுக்குள்ளாக்கிய எலிகளை ஆராய்ந்தோர், அவை உண்ணாதிருந்தும் அவற்றின் குருதியிற் கீற்றோன் உரிய அளவுக்கு உயராமையைக் கண்டனர். கொழுப்பைக் கொண்டு தசையைக் காக்கும் வழி அடைபட்டிருந்தது. நோயாளன் மெலிதலும் பட்டினியாளன் மெலிதலும் தோற்றத்தில் ஒன்றாயினும் உள்ளியல்பில் வேறு என்பது இவற்றால் தெளிவாயிற்று. வேறுபாட்டைச் செய்வது யாது என்பதே எஞ்சிய வினா.

பால்போன்ற குருதி

அதற்கு வழிகாட்டியது எளியதொரு காட்சி. கொழுப்புணவு உண்ட சில நாழிகையில் குருதியின் திரவப்பகுதி பால்போல் வெண்மையாகும்; குடலிலிருந்து வந்த கொழுப்புத் துணிக்கைகள் அதில் மிதப்பதே காரணம். நலமுள்ள உடலில் இவ்வெண்மை விரைவிலே தெளியும். 1943ஆம் ஆண்டு போல் ஹான் என்பவர், எப்பாரின் என்னும் மருந்தைச் செலுத்தப்பட்ட நாய்களின் பாற்குருதி உடனே தெளிவதைக் கண்டார். அத்தெளிவைச் செய்யும் நொதியத்தை 1955ஆம் ஆண்டு எட்வேட் கோர்ண் ஆராய்ந்து இலிப்போபுரத இலிப்பேசு எனப் பெயரிட்டார். மயிர்க்குழாய்களின் உட்சுவரில் நின்று, அவ்வழிச் செல்லும் கொழுப்பைத் துண்டித்து, கொழுப்பிழையத்துக்கும் தசைக்கும் பகிர்ந்தளிக்கும் பண்டகாப்பாளனே இந்நொதியம். இது ஓய்ந்தால் கொழுப்பு வாயிலிலேயே தங்கிவிடும். உள்ளிருக்கும் கலங்கள் அதனைப் பெறா.

கடுந்தொற்றுற்றோரின் குருதியிற் கொழுப்பு மிகுவதுண்டு என்பதை மருத்துவர் நெடுநாளாக அறிந்திருந்தனர். 1969ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, தொற்றுக்களுட் சிலவற்றில், சிறப்பாகக் கிராம் எதிர்ப் பற்றீரியாக்களாலாய தொற்றில், திரைகிளிசரைட்டு என்னும் கொழுப்பு குருதியில் உயர்வதை எடுத்துக்காட்டியது. ஆயினும் இதனை ஒரு பக்கவிளைவாகவே பலரும் கருதினர்.

நியூயோர்க் றொக்கபெல்லர் பல்கலைக்கழகத்தில் அந்தோனி செராமியும் அவர்தம் மாணவி கரோல் ரூசரும் அவ்வாறு கருதவில்லை. ஆபிரிக்காவிற் கால்நடைகளை நலிவித்துக் கொல்லும் நகானா என்னும் நோய் செற்சி ஈயினாற் பரவுவது. அந்நோயின் ஒட்டுண்ணியை 1890களிற் சூலுலாந்தில் டேவிட் புரூஸ் கண்டறிந்தார். அதற்கு அவர் பெயரே வழங்குகின்றது. அவ்வொட்டுண்ணியை முயல்களுக்கு ஏற்றி ஆராய்ந்தபோது, முயல்கள் தம் நிறையிற் பாதியளவு வரை இழந்து மாண்டன. ஆனால் அவற்றின் குருதியில் ஒட்டுண்ணிகள் மிகச் சிலவே இருந்தன. மேலும், பட்டினியுற்றது போல் மெலிந்த அம்முயல்களின் குருதி பாலாகக் கொழுப்பு நிறைந்திருந்தது. இலிப்போபுரத இலிப்பேசின் தொழில் குன்றியமையால் அக்கொழுப்பு அகற்றப்படவில்லை என 1980ஆம் ஆண்டில் அவர்கள் அறிவித்தனர். சில ஒட்டுண்ணிகள் பெரியதோர் உடலின் பண்டசாலையை எவ்வாறு பூட்டவல்லன? அவை தாமே பூட்டவில்லை, உடலே பூட்டிக்கொள்கின்றது என்பதே செராமியின் ஊகம். அவ்வாறாயின் அக்கட்டளையைக் கொண்டுசெல்லும் தூதுப்பொருள் ஒன்று குருதியில் இருத்தல் வேண்டும்.

இருவகைச் சுண்டெலிகள்

தூதுப்பொருளைத் தேடும் முயற்சிக்கு இரு பழைய அறிவுகள் துணைநின்றன. முதலாவது, கொக்கின் ஆய்வுகூடத்தில் றிச்சாட் பைபர் 1892ஆம் ஆண்டு கண்டது. வாந்திபேதிக் கிருமிகளைக் கொன்ற பின்னும் அவற்றின் உடற்பொருள் நஞ்சாக நிற்பதைக் கண்ட அவர், அதனை அகநஞ்சு என்றார். உயிருள்ள கிருமியின்றியே தொற்றின் விளைவுகளை உண்டாக்கும் வாய்ப்பு இதனாற் கிடைத்தது. இரண்டாவது, ஒரே குலத்துச் சுண்டெலிகளில் ஒரு கிளை அகநஞ்சுக்கு எளிதில் மாள, மற்றொரு கிளை அதனை எளிதில் தாங்குகின்றது என்னும் செய்தி.

மசனோபு கவகாமியும் செராமியும் 1981ஆம் ஆண்டு வெளியிட்ட பரிசோதனை அழகியது. அகநஞ்சுக்கு மாளும் எலிகளுக்கு முதலில் நஞ்சைச் செலுத்தினர். அவற்றின் இலிப்பேசு வீழ்ந்தது. நஞ்சைத் தாங்கும் எலிகளுக்குச் செலுத்தினர். அவற்றின் இலிப்பேசு வீழவில்லை. பின்னர், நஞ்சூட்டிய முதல்வகை எலிகளின் குருதி நீர்ப்பாயத்தை எடுத்து இரண்டாம் வகைக்குச் செலுத்தினர். இப்பொழுது இவற்றின் இலிப்பேசும் வீழ்ந்தது. நஞ்சுக்கு அசையாத எலி வேறோர் எலியின் நீர்ப்பாயத்துக்கு அசைந்தமையால், கொழுப்பின் வாயிலைப் பூட்டுவது நஞ்சன்று, நஞ்சைக் கண்ட உடல் ஆக்கும் பொருளே என்பது ஐயமற நிறுவப்பட்டது. அப்பொருளை ஆக்குவன பெருந்தின்குழியங்கள் எனப்படும் காவற்கலங்கள் என்பதும் தெரியவந்தது. அக்கலங்கள் வளர்ந்த திரவத்தைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்த கொழுப்புக் கலங்கள்மீது இட்டபோது, அக்கொழுப்புக் கலங்களும் தம் இலிப்பேசை இழந்தன.

1985ஆம் ஆண்டில் புரூஸ் பொய்ட்லரும் செராமியும் கூட்டாளரும் அப்பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். கிரேக்க மருத்துவர் உடற்கேட்டுக்கு வழங்கிய பெயரை ஒட்டி அதற்குக் கசெக்ரின் எனப் பெயரிடப்பட்டது; மெலிவிப்பது என்பது அதன் கருத்து.

ஒரு பொருள், இரு பெயர்

பிரித்தெடுத்த புரதத்தின் தொடக்க அமைப்பை வரிசைப்படுத்தியபோது எதிர்பாராத செய்தி வெளிப்பட்டது. அது முன்னரே வேறொரு பெயரால் அறியப்பட்டிருந்த பொருள்.

அவ்வேறு பெயரின் வரலாறு 1891ஆம் ஆண்டில் தொடங்குவது. நியூயோர்க் சத்திரவைத்தியர் வில்லியம் கோலி, கடுந்தொற்று வந்து நீங்கிய சிலரிற் புற்றுநோய்க் கட்டி கரைந்தமையை அறிந்து, புற்றுநோயாளருக்குக் கிருமிகளையும் பின்னர்க் கொன்ற கிருமிகளின் கலவையையும் செலுத்தலானார். 1943இல் மரி ஷியர் அத்தகைய கிருமியொன்றிலிருந்து கட்டியைச் சிதைக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார். அது அகநஞ்சின் இனத்ததே. 1975இல் எலிசபெத் காஸ்வெல், லொயிட் ஓல்ட் முதலியோர், அகநஞ்சு தானே கட்டியைச் சிதைப்பதன்று, அதனால் தூண்டப்பட்ட உடல் சுரக்கும் பொருளே சிதைக்கின்றது எனக் காட்டி, அதற்குக் கட்டிச்சிதைவுக் காரணி எனப் பெயரிட்டனர். 1984இல் அதன் மனிதப் பரம்பரையலகும் பிரித்தெடுக்கப்பட்டது.

கால்நடை நோயை ஆராய்ந்தோரும் புற்றுநோயை ஆராய்ந்தோரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரு மலையின் இரு பக்கமும் ஏறி ஒரே உச்சியை அடைந்தனர். கட்டியை அழிப்பதும் உடலை உருக்குவதும் ஒரே பொருளின் தொழில்கள். நஞ்சைத் தாங்கும் சுண்டெலிகளின் புதிரும் பின்னர் அவிழ்ந்தது. அகநஞ்சை உணரும் வாங்கியொன்றின் பரம்பரையலகில் ஏற்பட்ட ஒரு சிறு மாற்றமே காரணம் எனப் பொய்ட்லரின் குழுவினர் 1998இல் வெளியிட்டனர். அப்பணிக்காக 2011ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசிற் பங்கு அவருக்குக் கிடைத்தது.

காவலனைத் தடுத்ததன் விளைவு

காரணம் தெரிந்தவிடத்து மருந்து எளிதென்று எண்ணுவது இயல்பு. 1987ஆம் ஆண்டில் கெவின் திரேசியும் கூட்டாளரும், இக்காரணியைப் பற்றி முடக்கும் பிறபொருளெதிரியைப் பபூன் குரங்குகளுக்கு முற்பட ஏற்றி, கொல்லும் அளவான கிருமிகளை அவற்றின் குருதியிற் செலுத்தினர், குரங்குகள் பிழைத்தன. பெருநம்பிக்கை எழுந்தது. ஆனால் மனிதரிற் செய்த பரிசோதனைகள் அந்நம்பிக்கையைக் காக்கவில்லை. குரங்குக்கு மருந்து முன்னும் கிருமி பின்னும் சென்றன. மனிதனோ நோய் முற்றிய பின்னரே மருத்துவமனைக்கு வருகின்றான். 1996இல் வெளியான பரிசோதனையொன்றில், இக்காரணியை முடக்கும் ஒருவகை மருந்தைப் பேரளவிற் பெற்றோரில் இறப்பு மிகுந்தே காணப்பட்டது.

அதே மருந்தினம் வேறோர் இடத்திற் பயன்பட்டது. இலண்டன் அறிஞர் மார்க் பெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் 1990களில் இதனை மூட்டுவாத நோயாளருக்கு வழங்கி நற்பயன் கண்டனர். பல இலட்சம் பேர் பயன்பெற்றனர். ஆயினும் 2001ஆம் ஆண்டில் எச்சரிக்கையொன்று வந்தது. இவ்வின மருந்தொன்றைப் பெற்றோருள் 70 பேருக்குச் சயரோகம் கண்டமை அறிவிக்கப்பட்டது. அவர்களுட் பலரின் உடலில் முன்னரே அடங்கிக் கிடந்த கிருமிகள், காவல் நீங்கியவுடன் தலைதூக்கின. இக்காரணியின் தொழிலற்ற சுண்டெலிகள் சயரோகத்துக்கு விரைவில் மாள்வதை 1995ஆம் ஆண்டின் ஆய்வு முன்னரே காட்டியிருந்தது.

எலும்புருக்கி என்னும் பெயரின் உட்பொருள் இங்கே புதிதாக விளங்குகின்றது. மெலிவிப்பது என்று பெயர் பெற்ற பொருளே எலும்புருக்கிக் கிருமியைச் சிறையிட்டு வைக்கும் காவலனும் ஆகும். உருகுதல், உடல் தன் பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை. குறுகிய நோயில் அவ்விலை தாங்கத்தக்கது. மாதக்கணக்கில் நீளும் நோயிலோ, அவ்விலையே நோயாளனைக் கொல்கின்றது.

கொழுப்பும் காவலாதல்

குருதியிற் கொழுப்பு மிகுதல் வெறும் பூட்டுதலின் விளைவு மட்டுமன்று என்பதும் விரைவிற் புலனாயிற்று. சான் பிரான்சிஸ்கோ நகரத்துக் கென்னத் பைன்கோல்டும் கார்ல் குருன்பெல்டும் 1987இல், அதே காரணி எலிகளின் ஈரலைத் தூண்டி மேலும் மேலும் கொழுப்பை ஆக்கச் செய்கின்றது எனக் காட்டினர். கொழுப்பிழையம் தன் சேமிப்பைக் கட்டவிழ்க்கும். ஈரல் வந்த கொழுப்பமிலங்களைக் கீற்றோனாக்காமல் மீண்டும் திரைகிளிசரைட்டாகக் கட்டிக் குருதியில் விடும். இலிப்பேசு ஓய்ந்திருப்பதால் அது குருதியிலே தேங்கும். வேறு பல தூதுப்பொருள்களும் இதே விளைவைத் தருவன என்பதும் தெரியவந்தது. பல கைகள் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யுமாயின், அவ்வேலைக்கு ஒரு பயன் இருத்தல் கூடும்.

அப்பயனைக் காட்டும் சான்று 1990இல் வந்தது. கொழுப்புத் துணிக்கைகளோடு கலந்த அகநஞ்சைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் இறப்புக் குறைந்தது. அகநஞ்சின் ஒரு பகுதி கொழுப்பினத்தது. அது இலிப்போபுரதத் துணிக்கைகளில் எளிதிற் பதிகின்றது. பதிந்த நஞ்சு காவற்கலங்களைத் தூண்டாது. ஈரலை அடைந்து பித்தத்தின் வழி வெளியேறக்கூடும். இங்ஙனம் பாற்குருதி ஒரு பொறியாக நின்று நஞ்சை ஏந்துகின்றது எனலாம். எனினும் இவ்வறிவை மருந்தாக்கக் கொழுப்புக் குழம்பொன்றைக் கடுந்தொற்று நோயாளருக்குக் கொடுத்த பெரும் பரிசோதனை, 2009இல் வெளியான முடிவின்படி, இறப்பைக் குறைக்கவில்லை. சுண்டெலியிற் கண்டது மனிதனிற் காணப்படும் என்னும் உறுதி இல்லை என்பதை இவ்வரலாறு இருமுறை உணர்த்தியுள்ளது.

ஊட்டுவதா, விடுவதா?

கிரேவ்சும் புரூசேயும் வாதித்த வினா இன்று தீவிர பண்டுவப் பிரிவுக் கட்டிலருகே மீண்டும் எழுந்துள்ளது. நாளம் வழியே கொழுப்பையும் சத்துக்களையும் ஏற்றும் முறை, சுவீடன் நாட்டு ஆர்விட் வ்ரெட்லிண்ட் 1960களின் தொடக்கத்தில் சோயாக் கொழுப்புக் குழம்பை வழக்கிற் கொணர்ந்த பின்னர்ப் பரவிற்று. உண்ண இயலாதோர் பலர் அதனாற் பிழைத்தனர். ஆகவே கடும் நோயாளர் யாவருக்கும் விரைந்து நிறைய ஊட்டுதல் நன்றெனக் கருதப்பட்டது. ஆனால் 2011இல் பெல்சியத்தில் 4,640 நோயாளரிற் செய்த பரிசோதனை வேறு கூறிற்று. நாளவழி ஊட்டத்தை முதல் நாள்களிலேயே தொடங்கப்பெற்றோரை விட, ஒரு வாரம் தாழ்த்துத் தொடங்கப்பெற்றோரில் புதிய தொற்றுக்கள் குறைந்தன; அவர்கள் விரைவாகவும் தேறினர்.

2016இல் யேல் பல்கலைக்கழகத்து றுஸ்லான் மெட்சிற்றோவின் குழுவினர் சுண்டெலிகளிற் கண்ட முடிவு இன்னும் நுண்ணியது. பற்றீரியாத் தொற்றுற்ற எலிகளுக்குக் குளுக்கோசு ஊட்டியபோது அவை மிகுதியாக மாண்டன. இன்புளுவென்சா வைரசுத் தொற்றுற்றவற்றுக்கு ஊட்டியபோது அவை பிழைத்தன. முதல்வகை நோயில் உண்ணாமையாற் பிறக்கும் கீற்றோன் மூளையைக் காத்தது என்பது அவர்தம் விளக்கம். எனவே உணவை மறுக்கும் நோயாளனின் பசியின்மையும் சிலவேளை உடலின் காவல் முறைகளுள் ஒன்றாதல் கூடும். இதனாற் புரூசே வென்றார் என்று கொள்ளுதல் தவறு. நீண்ட நோயில் ஊட்டமின்றி மாண்டோர் எண்ணிறந்தோர். தேறும் காலத்தில் இழந்த தசையை மீட்க உணவு இன்றியமையாதது. எந்நோயில், எந்நாளில், எவ்வளவு என்பதே இன்றைய வினா. அவ்விருவரும் காய்ச்சலை ஒரே பொருளாகக் கொண்டு வாதித்தமையாலேயே அவ்வாதம் முடிவுறாது போயிற்று.

இவ்வரலாற்றில் மாணவர் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. இதன் ஒவ்வொரு திருப்பமும், கணக்கிற் பொருந்தாத ஒரு சிறு காட்சியை ஒருவர் ஒதுக்காது விட்டமையால் வந்தது. நிறைய உண்டும் தேயும் நெருப்புக் காய்ச்சல் நோயாளன், முறிந்த காலுக்கு மிஞ்சிய நைதரசன், மெலிந்த முயலின் பாற்குருதி ஆகியன அத்தகையன. ஆய்வாளர் அவற்றைப் பிழையெனத் தள்ளியிருப்பின் அடுப்பு உவமையே இன்றும் நின்றிருக்கும். கடுந்தொற்றில் உருகும் உடல், தோற்றுக்கொண்டிருக்கும் உடலாக மட்டும் இன்று கருதப்படுவதில்லை. தன் சேமிப்பைத் திறந்து, தன் வாயில்களை அடைத்து, போர்க்காலத்து நாடு போலத் தன் வரவு செலவை மாற்றியமைத்துக்கொண்ட உடலாகவே அது கருதப்படுகின்றது. போர் முடியும் வரை அந்நாடு தன் குடிகளைப் பட்டினியிற் சாகவிடாது காப்பது எவ்வாறு என்பதே மருத்துவர்முன் இன்றுள்ள பணியாகும்.